மாத்தளைக்குப் போன பெட்டிகள்

போன வாரம் மகள் வேலை விஷயமாகக் கொழும்பு போய்விட்டு வந்தாள். எனக்கென்று ஒரு பொட்டலம் பட்டை வாங்கி வந்திருந்தாள். நம் மளிகைக்கடையில் கிடைக்கிற தடிப்பட்டை இல்லை இது. காகிதத்தைச் சுருட்டினாற்போல மெல்லிசாக இருக்கிறது, விரலால் அமுக்கினாலே நொறுங்குகிறது. பிரித்து மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் நான் வேலை பார்த்த பம்ப் பட்டறையின் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டேன். பட்டைக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். மகளும் அதையேதான் கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே பாலைப் பார்க்கிற சாக்கில் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். உங்களுக்காவது முழுசாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். இங்கிலீஷில் எனக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை, அதனால் பிழைத்தேன். ரங்கசாமி அண்ணனின் பட்டறையில் கடிதம் அடிக்கிற வேலை கிடைத்தது. அவர்தான் முதலாளி, ஆனால் யாரும் அவரை முதலாளி என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுவார், பட்டறையில் நம் ஊர்த் தமிழ். கோபம் வந்தால் ரெண்டும் கலந்து வரும். திட்டு வாங்குகிறவனுக்கே என்ன திட்டு என்று விளங்காது.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பட்டறை மூலையில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் வைத்துக் காயவைப்பார்கள். அந்த வாசனை தலைமுடி, சேலை, சோற்று டப்பா எல்லாவற்றிலும் ஏறிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், "ஊட்டுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சீங்களாக்கும்?" என்று சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி பம்ப் வாங்கினால், வேனில் ஏற்றி அனுப்பினால் போதுமல்லவா? அண்ணனும் கூடவே கிளம்பிவிடுவார். கிணற்றுமேட்டில் பம்பை உட்காரவைத்து, பைப் மாட்டி, வாய்க்காலில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன்பிறகு அந்தத் தோட்டத்திலேயே சாப்பாடு. பட்டறையில் அவசர வேலை கிடந்தாலும் அதுதான் வழக்கம். "அரைகுறையாக் குடுத்துப்போட்டு வாரது நமக்கு ஆகாது கண்ணு" என்பார். அவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்து ஆட்கள் பலரும் அப்படித்தான். விருந்தாளி போதும் என்று இலையை மறைத்தால், கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைக்கிற ஜனம்.

வெளிநாட்டு வியாபாரம் என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் கிளம்பியிருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் நம் ஊர்ப் பட்டறைக்காரர்களும் இலங்கையிலிருந்து வந்த பட்டறைக்காரர்களும் சந்திக்கிற கூட்டம் ஒன்று நடந்தது. பேர் அட்டைகள் அடித்துக் கொடுத்தது நான், அதனால் என்னையும் அழைத்துப் போனார் அண்ணன். மேடையில் பேசியவர், பெரிய நாடும் சின்ன நாடும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்றார். தோள் ரெண்டும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டாமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தட்டில் இருந்த முந்திரி கேக்கை நாசூக்காக எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் என் கவலை.

அங்கேதான் சிவலிங்கம் வந்து சேர்ந்தார். இலங்கை மலைப்பக்கத்து மாத்தளைக்காரர். ஒல்லியான மனிதர், பேண்ட்டில் மடிப்புக் கலையாமல் நிற்பார். மறுநாள் மற்றவர்கள் ஊர் சுற்றப் போக, அவர் மட்டும் எங்கள் பட்டறைக்கு வந்தார். எல்லோருக்கும் ஆளுக்கொரு பட்டைப் பொட்டலம் கொடுத்தார், எனக்கும்தான். அதை மேஜை டிராயரில் வைத்தேன். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் வார்னிஷும் பட்டையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அந்தக் கலவையை வேறெங்கும் நான் மோந்ததில்லை.

அவர்கள் ஊரில் ஒரே தெருவில் சில பட்டறைகள் இருந்தன. தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களைப் பழுது பார்த்துப் பிழைத்து வந்தார்கள். அந்த வேலை குறைந்துகொண்டே போயிற்று. பையன்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிவலிங்கத்தின் தம்பி மகனும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான்.

"பம்பைப் பாகம் பாகமா அனுப்புங்கோ அண்ணே. எங்கட தெருவில வச்சு நாங்க பூட்டி விக்கிறம். அப்பத்தான் பெடியன்கள் ஊரில நிப்பாங்க" என்றார். பூட்டுவது என்றால் அவர்கள் பேச்சில் பாகங்களைச் சேர்த்து மாட்டுவது.

"அதுக்கென்னங்க, செஞ்சுபோடலாமுங்க. மொதல்ல சாப்பிட வாங்க" என்றார் அண்ணன்.

முதல் சரக்கு தூத்துக்குடி வழியாகப் போயிற்று. கொஞ்ச நாளில் ஒரு போட்டோ வந்தது. அவர்கள் மாட்டி முடித்த முதல் பம்புக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, தெரு ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். தம்பி மகன் பம்பின் மேல் கை வைத்து நிற்கிறான், பாஸ்போர்ட் நினைப்பே இல்லாத முகத்தோடு. அண்ணன் அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பூ வைக்கிற பையன் இதற்கும் சேர்த்து வைத்துவிட்டுப் போவான், நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

புதுசாகப் பழகுகிறவர்களுக்கு எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடுமா? சில பம்புகளில் நீர் கசிந்தது, சிலது சத்தம் போட்டது. எங்கள் ஆபீஸ் போனில் ஸ்பீக்கர் பட்டன் உண்டு. அண்ணனுக்கு அதில் ஏகப்பெருமை, எல்லாப் போனையும் பட்டறை முழுக்கக் கேட்கிறமாதிரிதான் பேசுவார். "கொஞ்சம் கரைச்சல்தான் அண்ணே, பழகினா சரிவரும்" என்று சிவலிங்கம் சொன்னதை நாங்கள் எல்லோருமே கேட்டோம். கரைச்சல் என்றால் அவர்கள் பேச்சில் தொந்தரவு.

போனை வைத்த அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "பாவம் கண்ணு, அந்த மனுசன் எவ்வளவு செரமப்படறாரு. இந்தத் தடவ நாமளே முழுசா மாட்டி, பெயிண்ட் அடிச்சு, ஓட்டிப் பாத்து அனுப்பிப்போடலாம். ஒரு பைசா அதிகமா வேண்டாம், பாகத்துக்குப் பேசுன வெலையே போதும். சொல்லாத அனுப்பலாம், பெட்டியத் தொறந்தா ஆசையாப் பாக்கட்டும்."

பட்டறையே கல்யாண வீடு ஆயிற்று. பச்சைப் பெயிண்ட் ரெண்டு கோட் அடித்தோம். மாத்தளைப் பட்டறையின் பேர்த்தகட்டைக்கூட நாங்களே அச்சடித்துத் திருகி வைத்தோம். ஒரு பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே அண்ணன் மனைவி ஒரு டின் மைசூர்பாவும் செருகினார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

பெட்டிகள் கொழும்புச் சுங்கத்தில் நின்றுவிட்டன. சிவலிங்கம் வாங்கியிருந்த அனுமதி பாகங்களுக்கு, உள்ளே இருந்தது முழு பம்ப். அலைந்து திரிந்து, கூடுதல் வரி கட்டித்தான் அவர் மீட்டார். மைசூர்பா மட்டும் மாத்தளை போய்ச் சேரவில்லை. அதற்குள் கொழும்பில் ஒரு பெரிய கடைக்காரர் அந்தப் பம்பைப் பார்த்துவிட்டார். கோயமுத்தூரிலிருந்து இவ்வளவு நேர்த்தியாக, முழுசாக, இந்த விலைக்கு வருகிறது என்றால் நடுவில் மாத்தளை எதற்கு? நேராக விமானம் ஏறி எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார். "மாத்தளைக்காரருகிட்டயே வாங்கிக்குங்க" என்று அண்ணன் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் ரெண்டு தெரு தள்ளி வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் வேண்டாம் என்பார்களா? அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. கொஞ்ச காலத்தில் கணபதியிலிருந்து கொழும்புக்கு முழு பம்புகளாகவே கண்டெய்னரில் போக ஆரம்பித்தன.

அதற்கப்புறம் ஒரு நாள் சிவலிங்கம் கூப்பிட்டார். அண்ணன் பழக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். மறுபடியும் பாகமாகவே அனுப்புகிறேன், விலையே வேண்டாம் என்று கெஞ்சினார். நான் கெஞ்சினார் என்று எழுதுவது சரிதான், வேறு வார்த்தை இல்லை.

"பூட்டின பம்ப் கடையில நிக்குது அண்ணே. பூட்டாததை யாருக்கு விக்கிறது?" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

"கெடுதல் நெனைக்கலீங்க நானு."

"தெரியும் அண்ணே. வடிவாத்தான் செய்திருந்தீங்க." பிறகு சொன்னார், "நாங்க கேட்டது பம்ப் இல்லை அண்ணே. வேலை."

தம்பி மகன் கத்தாருக்குப் போய்விட்டதையும் அன்றுதான் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கம் காயில் சுற்றுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அன்றோடு அண்ணன் ஸ்பீக்கர் பட்டனைத் தொடுவதை விட்டார்.

தொண்ணூறுகள் முடியும் சமயம். எங்கள் பட்டறையிலும் ஆள் குறைந்துவிட்டிருந்தது. ஒரு வியாபாரி அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். உள்ளே நம்மைவிடப் பல மடங்கு பெரிதாகத் தொழில் செய்கிற தேசத்திலிருந்து வந்த பம்ப். நாங்கள் இரும்பு வாங்குகிற விலைக்கு முழு பம்ப். "நீங்க எதுக்குங்க இன்னும் செரமப்படறீங்க? முழுசா வந்துருது. உங்க பேர்த்தகடு மட்டும் வெச்சு வித்துப்போடுங்க" என்றார் அவர், நல்ல மனசோடுதான்.

அவர் போனபிறகும் அண்ணன் அந்தப் பம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பெயிண்ட் எங்கும் வழியவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கறாங்க" என்றார். பிறகு சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நாம அனுப்புன பெட்டியத் தொறந்தப்ப அவருக்கும் இப்புடித்தான் இருந்திருக்குமா?"

நான் டைப்ரைட்டருக்கு உறை போட்டேன். அண்ணன் மாத்தளைக்குப் போன் போடச் சொன்னார். மணி அடித்தது, யாரோ சிங்களத்தில் பேசினார்கள். சிவலிங்கம் பேரைச் சொன்னேன், வைத்துவிட்டார்கள்.

தகடு ஒட்டி விற்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. பட்டறையை மூடினார், பின்னால் அவரும் போய்ச் சேர்ந்தார். மகளின் பொட்டலத்தோடு போன ஞாயிற்றுக்கிழமை கணபதி போனேன். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடையும் அதற்கு மேல் மூன்று மாடி வீடுகளும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் நின்று மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாசனை இல்லை. மாத்தளையில் அந்தத் தெரு என்ன ஆயிற்று என்று கேட்டுச் சொல்ல, எனக்கு அங்கே யாரும் இல்லை.