யொரூபா நாடகக்காரரும் பசியாவரத்துப் பாடும்

நைஜீரியாவின் யொரூபா மொழியில் நாடகம் எழுதி, தானே அரச வேடம் பூண்டு, லாரியில் ஊர் ஊராகச் சென்று நடித்த ஒரு கலைஞரைப் பற்றி நாற்பது நிமிடம் என்னால் தடையின்றிப் பேச முடியும். கல்லூரி மேடைகளில் அந்தப் பேச்சு எனக்குக் கோப்பைகளைப் பெற்றுத் தந்திருந்தது. ஆகவே பழவேற்காட்டு நூலகத்தில் ஒரு பிற்பகல் அதையே பேச அழைத்தபோது, என்னை மடக்க எவரும் இல்லை என்ற நினைப்போடுதான் டச்சுக் கல்லறையைத் தாண்டி நடந்தேன்.

அந்தக் கலைஞர் ஆசிரியர் வேலையைத் துறந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். தாய்மொழி நாடகத்துக்கு ஊர்கள் திரண்ட இடத்தில் உயர்த்தினேன். எதிர்பார்த்த இடங்களில் கைதட்டல் வந்தது. முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஏரித் தீவான பசியாவரத்து மீனவர், கோயில் திருவிழாவுக்குத் தானே நாடகம் எழுதி நடிப்பவர். ஒரு நாடகக்குழு அவரை மூன்று மாதம் வெளியூர்களுக்கு அழைத்திருப்பதாக நூலகர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

"தம்பி, அவரு லாரி ஏறிப் போனப்போ ஊட்டுப் பொழப்ப யாரு பார்த்தாங்க?"

அவர் தமக்காகவே கேட்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை வைப்பது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு நாளில் இல்லாதவர் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேடைக்குப் பொருந்தாது என்று நான் வெட்டியிருந்த ஒரு பகுதி அப்போது நினைவுக்கு வந்தது. அந்தக் கலைஞரின் மனைவியரும் குழுவிலேயே இருந்தார்கள். உடை தைத்தார்கள், சமைத்தார்கள், நடித்தார்கள். வீடே லாரியில் ஏறிவிட்டது. அதை அலங்காரமின்றிச் சொன்னேன்.

பெண்கள் பக்கம் இருந்த மீனவரின் மனைவி உட்கார்ந்தபடியே கேட்டார்: "இன்னாய்யா, அப்போ நானும் லாரில ஏறணுமா? ஏரிய யாரு தூக்கினு வர்றது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரிக்காமல் தன்னையே பார்த்து நின்ற கணவரிடம் அந்த அம்மா சொன்னார்:

"போய்ட்டு வா. பாடு நாளுக்கு இங்க இருக்கணும். இல்லன்னா உன் வேஷத்த நான் கட்டிக்கினு அந்த லாரில போய்டுவேன்."

அடுத்த மாதம் மறுபடி பழவேற்காடு போக, பொன்னேரியில் நான் ஏறிய முதல் பேருந்தில் அந்த மீனவரைப் பார்த்தேன். காதோரம் அரிதாரம் கலையாமல், சன்னலில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டில் எழுப்பிவிட்டேன். படகுத்துறையில் அவர் மனைவி வலையைப் படகில் ஏற்றிவிட்டு நின்றிருந்தார். எத்தனை பேர் நாடகம் பார்த்தார்கள் என்று கேட்டார். மைதானம் கொள்ளாத கூட்டம் என்று சொல்லிக்கொண்டே கணவர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படகில் இறங்கினார்.