பிலோமினாக்காவின் பிரெஞ்சு விளக்கும் போனில் விலை கேட்டவரும்

ஊர்காவற்றுறைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறத் தொடங்கிய முதல் நாளே நான் பிழை விட்டேன். லொறிக்குள் இருந்தபடி ஒருவர் விலை கேட்டார். மூன்று தரம் சொல்லி அவருக்கே முடித்துவிட்டேன். பிறகு இறங்கி வந்து மீனைப் பார்த்தவர், "நான் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் மற்ற வியாபாரிகளும் கலைந்துவிட்டார்கள். படகுக்காரர் மீனைக் கருவாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து, பக்கத்தில் வந்து நிற்காதவருக்கு நான் கூறுவதில்லை. முப்பது வருடம் காத்த அந்த ஒழுங்கைப் பிறகு விட்டது ஒரே ஒரு தடவை. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடற்கரை வேலையை விட்ட பிறகும் எங்கள் ஊர்த் தேவாலயத் திருநாள் ஏலத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நேர்த்திக்கடனாக வந்த கோழி, ஆடு, வாழைக்குலை எல்லாம் பூசை முடியக் கோயில் வாசலில் ஏலத்துக்கு வரும். நேர்த்தி வைத்தவர் தன் பொருளைத் தானே விலை கேட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

போன திருநாளுக்குப் பிலோமினாக்கா ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். பரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய அவருடைய கணவர் ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்த மிகப் பழைய பிரெஞ்சு விளக்கு. வெண்கலப் பெண்ணொருத்தி பூப்போட்ட கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்திருப்பாள். கணவர் இறந்த பின், பொழுதுபட்டால் அக்கா போடுவது அந்த விளக்கைத்தான். மகளுடைய ஒப்பரேசன் நல்லபடி முடிந்தால் அதைத் தருவதாக நேர்ந்திருந்தார். ஏலத்தில் திருப்பி எடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் நேர்ந்தார்.

அக்கா விலை கேட்டார். ஊர் பேசாமல் நின்றது. "ஒருதரம்" என்றேன். அப்போதுதான் கோயில் செயலாளர் காதில் போனை வைத்தபடி கையைத் தூக்கினார். அக்காவிடம் ஒரு சொல் கேட்காமல் விளக்கைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார் மனிதர்.

"அண்ணை, கொழும்பிலை பழஞ்சாமான் வாங்கிற ஒராள் கேக்கிறார். ரெண்டு மடங்கு தாறாராம்."

"ஆள் இஞ்சை நிக்கவேணும். போனுக்கு நான் கூறுறேல்லை."

"உது மீன் சந்தை இல்லை அண்ணை. கோயில் கூரை ஒழுகுது. நீங்கள் கூறுங்கோ."

பங்குச் சுவாமியாரும் என் முகத்தைப் பார்த்தார். நான் வளைந்துவிட்டேன். அக்கா இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். போன் அதையும் தாண்டியது. மூன்று தரம் சொன்னது என் வாய்தான்.

"நீர் என்ன செய்வீர் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வெறுங்கையோடு போனார்.

கொழும்புக்காரர் வரவேயில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை. விளக்கு கோயில் அலுமாரிக்குள் கிடந்தது, கூரை அதுபாட்டுக்கு ஒழுகியது. மூன்றாம் ஞாயிறு செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"கண்டியிலை ஒராள் படம் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

என்ன திமிர் என்று பாருங்கள். அடுத்தவளுடைய நேர்த்தியை வைத்துக்கொண்டு ஊர் ஊராக விலை பேசுகிறார்.

"விளக்கை வெளியிலை எடும்" என்றேன். "இண்டைக்குப் பூசை முடிய நான் திருப்பிக் கூறுறன். உம்மடை போனைச் சுவாமியாரிட்டைக் குடுத்திட்டு வாரும்."

கோயில் வாசலில் வைத்துக் கூறினேன். அக்கா முதலில் கேட்ட அதே விலையைக் கேட்டார். மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் விளக்கைச் சேலைத் தலைப்பால் சுற்றித் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கும் உப்பிடிக் கெதியாக் கூறியிருக்கலாம் தம்பி."

செயலாளரைத் திட்டி என்ன, கடற்கரையில் முப்பது வருடம் காத்த ஒழுங்கைக் கோயில் வாசலில் விட்டவன் நான்தான்.