பிணம் எழுந்து சிரிக்க வேண்டும்

தொலைக்காட்சித் தொடர்களில் நான் பிணமாக நடிக்கிறேன். நடிக்கிறேன் என்றால் மச்சினன் நக்கலடிப்பான். படுத்துக் கிடக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா, பண்ணையார், பக்கத்து வீட்டுக்காரர் என்று, கதையில் செத்த பிறகுதான் உள்ளே வருவேன். வசனம் கிடையாது, பெயரும் போட மாட்டார்கள். மற்றபடி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். ஐம்பது தாண்டியவனையும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்ன செய்ய?

இந்தத் தொழிலில் ஒரு சாங்கியம் உண்டு. பிணமாகக் கிடந்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். ஒளிபரப்புவதற்கு இல்லை, தோஷம் கழிய. என் வீட்டுக்காரிக்கு இதுதான் உயிர். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "சிரிச்சாச்சா?" என்பாள். ஆச்சு என்றால்தான் உள்ளே வரலாம்.

அன்றைக்குக் குத்துக்கல்வலசையில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு. மூக்கில் பஞ்சு, நெற்றியில் ரூபாய், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முற்றத்தில் பாடையில் கிடந்தேன். கடைசி ஷாட் முடிந்த நொடியில் சடசடவென்று மழை. லைட்டைத் தூக்கு, கேமராவை மூடு என்று எல்லோரும் ஓட்டம். பிணத்துக்கு எவன் குடை பிடிப்பான்? கால்கட்டை நானே அவிழ்த்துக்கொண்டு, நனைந்தபடி பஸ் ஏறி மேலகரத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

"சிரிச்சாச்சா?"

அலுப்பில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அந்த மழையில எவன்ட்டி சிரிக்க விட்டான்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. வாசலை மறித்து நின்றாள். "போயி சிரிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்குப் பச்சத் தண்ணி எறங்காது. இனிமே இந்தப் பொழப்பும் வேண்டாம், ஆமா."

திட்டுவது பெரிதில்லை. அவள் பயந்திருந்தாள். அவளுடைய அப்பா வயலுக்குப் போனவர் அப்படியே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பயம் அவளைப் பிடித்து ஆட்டுகிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்ப பஸ் ஏறினேன்.

அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கேமரா உதவியாளர், பாவம், பெட்டியைத் திறந்து மறுபடி கேமராவை மாட்டினார். மெட்ராஸ்காரப் பையன். "சிரிங்கண்ணே" என்றார். வாயை இழுத்தேன், பல்லைக் காட்டினேன். சிரிப்பு வரவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நான் ஒருவன்தான் பாக்கி. கடைசியில் எப்படியோ ஓகே என்றார். "செத்துக் கிடந்தப்ப மூஞ்சி களையா இருந்துச்சுண்ணே. இப்பதான் பார்க்கப் பயமா இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் அவள் அதே வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"சிரிச்சியளா?"

"சிரிச்சேன்."

"எங்க, சிரிச்சுக் காட்டுங்க."

ஆத்திரப்படவும் தெம்பில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னைய விட்ருட்டி. சீசன் தொடங்குன நாள்லேருந்து கண்ணு மூடல. ஒருத்தன் சோப்புங்கான், ஒருத்தன் வெந்நிங்கான், இன்னொருத்தன் குரங்கு துண்டத் தூக்கிட்டுப் போயிட்டுன்னு கதவ ஒடைக்கான். எங்கேருந்து சிரிக்க?"

"பொறவு லீவு கெடைக்கிற அன்னைக்காவது வீட்ல கெடக்கலாம்லா? அங்கன போயி எதுக்குப் பொணமாக் கெடக்கணும்?"

"வீட்ல படுத்தா லாட்ஜ்லேருந்து போன் அடிச்சுக் கூப்பிட்டுருதானுவ. அங்கனதான் ஒருத்தனும் எழுப்ப மாட்டான். கண்ண மூடிக் கெடந்தா போதும், தூங்கிருவேன்."

அவள் எழுந்து வழிவிட்டாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். அவளும் சாப்பிட்டாள். பிழைப்பைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அச்சன்புதூரில் ஒரு சாவு வீட்டுக் காட்சி என்று படப்பிடிப்பு மேனேஜர் போனில் கூப்பிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் போனை எடுத்தாள். போகக்கூடாது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து, தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

"வருவாவ" என்றாள். "ஷாட்டு முடிஞ்சாலும் ஒடனே எழுப்பாண்டாம். செத்த நேரம் கெடந்துட்டு எந்திரிக்கட்டும். அப்பறமா சிரிக்கச் சொல்லுங்க."