மூக்கு லாரிக்கு ஏசி

எங்கள் ஊரில் காகிதத்துக்கு ஏசி உண்டு. வெக்கையில் காகிதம் சுருங்கினால் கலர் தள்ளி விழும் என்று அச்சாபீஸ்களில் ஆப்செட் மெஷின் ஓடுகிற அறையைப் பொத்திப் பொத்திக் குளிர வைத்திருப்பார்கள். அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் பெண்டாட்டிக்காக என் பழைய லாரியில் ஒரு ஏசி மாட்டினேன். அதற்குத்தான் ஊரே சிரித்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து நடந்த கதை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தாள். தீபாவளி சீசன் நெருக்கத்தில், வெடிமருந்து கலக்குகிற மருந்து ரூமில் தீப்பிடித்து, கன்னம், கழுத்து, இரண்டு கை, முதுகு எல்லாம் வெந்து போனது. பிழைத்து வீட்டுக்கு வந்ததும் கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தோம். சித்திரை பிறந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. கொஞ்சம் வெயில் ஏறினால் போதும், உடம்பு கொதித்து, வாய் குளறி, கண் சொருகிவிடும். வெந்து ஆறின தோலில் வேர்வை வராது, வேர்க்காவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை, வெக்கையில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, மாதாமாதம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் ஊர் வெயிலில், நெரிசல் பஸ்சில் நின்றுகொண்டு எப்படி வருவது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு மூக்கு லாரி. இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மரத்தில் அடித்த கேபின் வைத்த அந்தக் காலத்து வண்டி. அதில்தான் பேப்பர் ரீல் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கார் வாங்க வக்கில்லை. லாரியில் ஏசி போட்டால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. விருதுநகரில் கார் ஏசி வேலை பார்க்கிற மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவரும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தார்.

"மொதல்ல ஓட்டைய அடைச்சிட்டு வாங்க அண்ணாச்சி. பொறவு ஏசியப் பத்திப் பேசுவோம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். பிரேக், கிளட்ச் மிதிக்கிற இடத்தில் எல்லாம் தரை தெரிந்தது. பழைய டியூபை வெட்டி ரப்பர் வைத்து அடைத்தேன். கூரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டினோம். மடங்காத விரலை வைத்துக்கொண்டு அவளே பசை தடவிக் கொடுத்தாள். மெக்கானிக், அடிபட்ட கார் ஒன்றிலிருந்து ஏசி சாமான் மொத்தத்தையும் கழற்றி வந்தார். கம்ப்ரஸரை இன்ஜின் ஓரத்தில் நிறுத்த லேத்தில் தனியாக ஒரு தாங்கி அடிக்க வேண்டியிருந்தது. சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தோம், ஆமத்தூர் தாண்டுவதற்குள் இன்ஜின் கொதித்தது. மறுபடி கழற்றி, கேபின் தலையில் ஏற்றி, இரண்டு ஃபேன் வைத்து முடுக்கினார். வண்டி தலையில் சுமை தூக்கிய மாதிரி இருந்தது. பார்க்க லட்சணமில்லை. ஆனால் குளிர் வந்தது.

லாரி ஸ்டாண்டில் ஒருவன் பாக்கி இல்லாமல் கேலி. மூக்கு லாரிக்குச் சளி பிடிக்கப் போகிறது என்றார்கள். சிலர் கேலியோடு நிற்கவில்லை. பெண்டாட்டி வெந்த காசில் இவன் மைனர் ஆகிவிட்டான் என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். அதே ஆட்கள்தான் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போக, வயசான ஆத்தாளை மட்டும் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போக முடியுமா என்று வந்து நின்றார்கள். வெட்கம் என்று ஒன்று மனிதனுக்கு வேண்டாமா?

முதல் தடவை மதுரைக்குப் போனபோது, பாதி வழியில், "குளுருதுங்க" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப் போனாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். யார் என்ன சொன்னால் என்ன என்று அன்றைக்கு எல்லாரையும் மன்னித்துவிட்டேன்.

மன்னித்தது நிலைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் நஷ்டஈடு தராமல் இழுத்ததால் கேஸ் போட்டிருந்தோம். அவள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று விருதுநகர் லேபர் ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல கோடை, உச்சி வெயில். ஆபீஸ் வாசலில் வண்டியை ஓட விட்டு அவளை உள்ளே உட்கார வைத்திருந்தேன். கம்பெனி வக்கீல் வந்து, கேபின் தலையில் இருந்ததை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே போனதும் அதைத்தான் எடுத்தார். லாரியிலேயே ஏசி போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன கஷ்டம் என்று ஆபீசரிடம் கேட்டார். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்தச் சொல்லுங்கள், அந்த அம்மாவும் எல்லாரையும் போல வந்து உட்காரட்டும் என்றார். அவள் உடம்பைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். டாக்டர் சங்கதி எல்லாம் டாக்டர் வந்து சொல்லட்டும் என்று ஆபீசர் தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் இன்ஜினை அணைத்து அவளைக் கூட்டி வந்தேன்.

தகரக் கூரை. ஃபேன் அனலைத்தான் இறைத்தது. கேள்வி மேல் கேள்வியாக வக்கீல் கேட்டுக்கொண்டே போனார். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆபீசர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் மட்டும் சிவந்துகொண்டே வந்தாள். கழுத்திலும் கையிலும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதையும் அந்த மனுஷன் விடவில்லை.

"பாருங்க சார், நமக்கெல்லாம் வேர்த்து ஊத்துது. இந்த அம்மாவுக்கு வேர்க்கக்கூட இல்ல. அவ்வளவு சௌகரியமா இருக்காங்க."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "வேர்க்கதுக்குத் தோலு வேணும்ல சார். என் தோலு ஒங்க கம்பெனி மருந்து ரூம்லதான் கெடக்கு."

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கின் பேனா நின்றது. இது கேசுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, எழுத வேண்டாம் என்றார் வக்கீல். எழுதினார்களா என்று பார்க்க நான் நிற்கவில்லை. அவள் வாய் குளற ஆரம்பித்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடி, சீட்டில் கிடத்தி, செம்புத் தண்ணீரை மேலெல்லாம் ஊற்றி, வண்டியைக் கிளப்பினேன். நிற்கிற வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் குளிர் பிடிக்கும். மிதித்தேன். கரும்புகை ஆபீஸ் வராந்தா முழுக்க ஏறியது. வக்கீல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, மனுஷன் இங்கே மூச்சு விட வேண்டாமா, வண்டியை அணை என்று கத்தினார். இன்னும் அழுத்தி மிதித்தேன். அவள் கண்ணைத் திறக்கிற வரைக்கும் காலை எடுக்கவில்லை.