மீட்டர் சொன்ன எட்டு

அக்கா வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவர் ஓய்வு பெறும் மாதம் அது. விழா பேனருக்காக உடன் வேலை செய்பவர்கள் அவரைப் போனில் படம் எடுத்திருந்தார்கள். அக்கா நல்ல கறுப்பு. போன் அவரைச் சந்தன நிறமாக்கியிருந்தது.

“முப்பது வருஷமா என்னைப் பாக்கறவங்கடா. பேனர்ல இருக்கறது யாருன்னு கேட்டா அசிங்கம். உன் ஃபிலிம் கேமராவுல எடு. நான் நானா இருக்கணும்” என்றார்.

என் பழைய கேமராவுக்கு வெளிச்சம் அளக்கத் தெரியாது. அதன் தலையில், ஃபிளாஷ் செருகும் இடத்தில், தீப்பெட்டியை விடச் சிறிய லைட் மீட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறேன். எதிரே உள்ளதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும் என்று எண்ணில் காட்டும். கறுப்பு வெள்ளை ரோலில் இரண்டு படம்தான் மிச்சம் இருந்தது.

காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் நாற்காலி போட்டேன். பின்னால் மலை, மேலே மெல்லிய மேகம். உட்கார்ந்த அக்காவின் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோனேன்.

“எவ்ளோ நேரம்டா அளப்ப? ஜாக்கெட்டா தைக்கப் போற?”

மீட்டர் எட்டு என்றது. எட்டிலேயே எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் கறுத்த முகத்தைக் காட்டினாலும், அதை நடுத்தரச் சாம்பலாக்கும் எண்ணைத்தான் மீட்டர் சொல்லும். அந்தப் போன் கேமரா செய்ததையே இது கொஞ்சம் அடக்கமாகச் செய்கிறது. பத்திரிகைக்குப் படம் எடுத்த காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். கறுத்த முகங்கள் அச்சில் மை அப்பிப்போகும் என்று எப்போதும் வெளிச்சத்தைக் கூட்டி வைப்பேன். அச்சுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

லென்ஸ் வளையத்தைப் பதினொன்றுக்குத் திருப்பினேன். எண் கூடினால் திறப்பு குறையும். உள்ளே போகும் வெளிச்சம் பாதியாகும்.

“மறுபடியுமா?”

“ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா. கம்மி பண்றேன்.”

எதையும் திருத்த வேண்டாம் என்று எழுதி ரோலைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பிரிண்ட் வந்தது. எது எப்படி எடுத்தது என்று சொல்லாமல் இரண்டையும் அக்காவின் மேஜையில் வைத்தேன்.

எட்டில் எடுத்த முதல் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “நல்லா இருக்கேன்ல?” என்றார். அதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது நான். பேனருக்கு இதைக் குடு.”

முதல் படத்தை நான் உறைக்குள் போடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதை எங்க எடுத்துனு போற? அது வீட்ல இருக்கட்டும்.”