மேசையைத் தட்டி நடத்திய பாடம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். அந்த வாரம் குழந்தைகளை வாடிக்கையாளர்களாக்கும் சந்தையைப் பற்றிய பாடம். பெண் குழந்தைக்குச் சொப்பு, ஆண் குழந்தைக்குத் துப்பாக்கி என்று முடிவு செய்தது யார் என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். தட்டினால்தான் எனக்குப் பாடம் வரும்.

பிறகு ஒரு வேலை கொடுத்தேன். "கடைக்குப் போய் அஞ்சு வயசுக் குழந்தைக்கு பொம்மை வேணும்னு மட்டும் சொல்லுங்க. கடைக்காரர் முதல்ல என்ன கேக்கறார்னு எழுதிட்டு வாங்க."

ஆளுக்கொரு கடை என்று சொல்லத் தோன்றவில்லை. அன்று வகுப்புக்கு வந்திருந்த மாணவிகள் இருபத்திரண்டு பேரும், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், ஸ்டேஷன் வழியில் இருக்கும் ஒரே ஃபேன்சி ஸ்டோருக்கு ஒருவர் பின் ஒருவராகப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஐந்து வயது நிறையப்போகும் மகனையும் கூட்டிப்போனேன். பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கினால் மனிதர் சமாதானமாவார் என்று கணக்கு.

"இன்னா மேடம், ஊர்ல கீற அஞ்சு வயசுப் புள்ளைங்களுக்கெல்லாம் ஒரே நாள்லயா பொறந்தநாளு? பையனா பொண்ணான்னு கேட்டா வாயத் தொறக்காம நோட்டுல எழுதிக்கினு போறாங்க. ஒரே பேஜாரு."

விஷயத்தை விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைவிட்டு மகனிடம் குனிந்தார்.

"உனுக்கு இன்னா வேணும் கண்ணு?"

என் வகுப்பில் யாருக்கும் இத்தனை சீக்கிரம் பாடம் ஏறியதில்லை.

மகன் யோசிக்கவே இல்லை. ரோஸ் நிறச் சொப்புப் பெட்டியைத் தொட்டான். குட்டி அடுப்பு, குக்கர், தோசைக்கல்.

"டேய், அது பொண்ணுங்க வெளையாடறதுடா!"

சொன்னது நான்தான். அவன் கையை எடுத்துக்கொண்டான். கடைக்காரர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. விளக்குமாற்றுக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். முந்தின நாள் லீவு போட்டதால் அன்று கடைக்கு வந்திருந்த ஆரம்பாக்கத்து மாணவி ஒருத்தி, என் பின்னால் மெல்ல நோட்டைத் திறந்தாள்.

'கடைக்காரர் கேட்கவில்லை. மேடம்தான் சொன்னார்' என்று எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன். வேறு வழி?

சொப்புப் பெட்டியை அன்றே வாங்கிவிட்டேன். வீட்டில் அவன் எனக்குப் பிளாஸ்டிக் தோசை சுட்டுத் தந்தான். இரண்டாவது கேட்டு வாங்கித் தின்றேன், குற்றவுணர்ச்சிக்கு அவ்வளவு பசி. அப்போது அடுத்த வீட்டுப் பையன் வாசலில் கூப்பிட்டான். அடுப்பு, குக்கர், தோசைக்கல் எல்லாவற்றையும் என் மகன் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"அம்மா, அவன்கிட்ட சொல்லிடாத."

அந்தப் பாடத்தை அவனுக்கு நான் ஒரே ஒரு முறைதான் நடத்தியிருந்தேன், அதுவும் மேசையைத் தட்டாமலே.