சேர்த்துப் புரட்டிய இரண்டு தாள்

என் மகன் எழுதிய சினிமாக் கதையை நான் படித்ததில்லை, கேட்டிருக்கிறேன். அவன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறவன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது. எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் வரும். அதுவும் கோலார் தங்கவயலில் சுரங்க லைன் வீட்டில் இருந்தபோது மாலை வகுப்பில் கற்ற அளவுக்குத்தான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகும். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

கதை அவன் அப்பாவுடையது. பல வருடம் பூமிக்கு அடியில் பாறை துளைத்து, நெஞ்சு நிறையத் தூசியோடு வெளியே வந்து, பெங்களூரில் பதினோரு வருடம் இருமி இறந்த மனிதர். "ஒரு கம்பெனி கேட்டிருக்காங்கம்மா, படமா வரும்" என்றான் மகன். வாரம் முழுக்க ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பான். நான் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டு கேட்பேன். தப்பு இருந்தால் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

தப்பு நிறைய இருந்தது. ஷிப்டு முடிந்து மேலே வந்த அப்பா சூரியனைப் பார்த்துக் கண் கலங்குகிறார் என்று வாசித்தான்.

"யார்டா சூரியனைப் பார்த்தது? சோத்து டப்பாவுல மிச்சம் ஏதாவது இருக்கான்னு பார்ப்பாங்க."

சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தான். இன்னொரு இடத்தில், ஆஸ்பத்திரியில் அம்மா டாக்டரிடம் ஒரு பக்கம் நியாயம் கேட்டாள். நான் எந்த டாக்டரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினவள் இல்லை, அவர்களுக்கு ஏது நேரம் என்றேன். அதுவும் போயிற்று.

'அப்பா இருமுகிறார்' என்று நாற்பது இடத்திலாவது எழுதியிருப்பான். "எந்த இருமல்?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. காலையில் எழுந்ததும் வருவது ஒன்று, அது நீளமாக, இழுத்து இழுத்து வரும். சாப்பாட்டுக்குப் பிறகு வருவது சின்னது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். மூன்றாவது, யாராவது வீட்டுக்கு வந்திருக்கும்போது அவர் வாயை மூடி அடக்குவது. அதற்குச் சத்தமே கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டான். "சூப்பர்ம்மா, இன்னும் சொல்லு" என்றான்.

சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். சளி துப்பப் பால்பவுடர் டப்பாவில் சாம்பல் போட்டு வைத்திருந்ததை, அதை விடிவதற்கு முன்பே நானே கொட்டிக் கழுவியதை. கடைசி இரண்டு வருடம் அவரால் படுக்க முடியவில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார, அவர் என் முதுகில் முதுகு சாய்த்துத் தூங்கினார். அப்படியே நானும் தூங்கப் பழகினேன். இதைச் சொன்னபோது மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு, அப்பா இறக்கும் இடம் வந்தது. நிதானமாக வாசித்தான். முடிந்து அடுத்த தாளை எடுக்கும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டதைப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

"எழவு வீட்டை எழுதலியாடா?"

"அது வேணாம்னு விட்டுட்டேன்ம்மா. நேரா நான் காலேஜ் போற சீனுக்குப் போயிடுது."

நல்லது என்று அவரைக்கொட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பிறர் எழுதிய கதையில் எது சரியில்லை என்று சொல்லித் திருத்த வைப்பது அவர் தொழில். அப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறதாம். மரியாதையான ஆள், செருப்பை வாசலிலேயே விட்டார், சர்க்கரை இல்லாமல் காபி கேட்டார். அவர் கையிலிருந்த கதையில் தாளுக்குத் தாள் கலர் காகிதம் ஒட்டியிருந்தது. மஞ்சள் ஒட்டினால் அந்த இடம் இழுக்கிறது என்று அர்த்தம், பச்சை ஒட்டினால் கை வைக்கக் கூடாது. இருமல் பக்கமெல்லாம் மஞ்சள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பதினோரு வருஷம் ரொம்ப லாங். ஜனங்க உட்கார மாட்டாங்க."

"எனக்கும் லாங்காத்தான் இருந்துச்சு. உட்கார்ந்துதான் இருந்தேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "ஆனா அந்த வளையல் சீன் இருக்கு பாருங்க, அதுதான் உசிரு. அது ஒண்ணுக்காகவே படம் ஓடும்."

"எந்த வளையல்?"

மகன் எழுந்து, "காபி இன்னும் கொஞ்சம் கொண்டாரட்டுமா சார்?" என்று கேட்டான். அவர் டம்ளர் நிறைய இருந்தது.

"படிங்க" என்றேன் அவரிடம்.

படித்தார். இரண்டு தாள், இரண்டிலும் பச்சை. புருஷன் உடம்பை எடுத்தபிறகு அந்த அம்மாவை நடுவில் உட்கார வைக்கிறார்கள். நாத்தனார் குழவிக் கல்லைக் கொண்டு வருகிறாள். வளையலை உடைக்கிறார்கள், மணிக்கட்டில் ரத்தம். பொட்டை அழிக்கிறார்கள். அந்த அம்மா அலறுகிறாள். மகன் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறான்.

மகன் கதவுக்குப் பின்னால் நின்றது நிஜம். மீதி நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் தங்கவயலில் புத்தரைக் கும்பிட்ட குடும்பம். பொட்டும் பூவும் வளையலும் ஒரு பெண் சின்ன வயசிலிருந்து போடுவது, புருஷன் கொடுத்ததில்லை, அவனோடு போக வேண்டியதும் இல்லை என்பது எங்கள் வழக்கம். என் கல்யாணத்திலேயே பெரியவர்கள் அதைச் சபையில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சாகிற மாதமும் சொன்னார், "உன் கையை எவளும் தொடக் கூடாது." ஆனால் அவருடைய அக்கா வடாற்காட்டில் பழைய முறையிலேயே இருந்தவள். குழவியோடு வந்தாள். நான் இரண்டு கையையும் இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டு, "இது எங்கப்பன் வீட்டுல போட்டது, எடுத்துக்கிட்டுப் போங்க உங்க கல்லை" என்றேன். ஒரு பெண் அழாமல் அப்படிப் பேசினதை அவர்கள் மன்னிக்கவில்லை. மூன்றாம் நாளுக்கு அவர் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நானே சமைத்து, நானும் மகனும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் எங்களுக்குப் பத்திரிகை வந்ததில்லை. இது நான் கொடுத்த விலை. கண்ணாடி வளையல் உடையாமல் இருக்குமா, உடையும்போதெல்லாம் பிரேசர் டவுன் கடைக்குப் போய்ப் பச்சையில் ஒரு டஜன் வாங்கிப் போட்டுக்கொள்வேன். இன்றைக்கும் போட்டிருக்கிறேன்.

கையை நீட்டி அந்தச் சென்னைக்காரரிடம் காட்டினேன். அவர் பார்த்தார். "உண்மை பெரிசுதாம்மா. ஆனா வளையலை உடைக்காத பொம்பளைக்கு ஜனங்க அழ மாட்டாங்க" என்றார்.

அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் என்னைக் கண்டாரா, என் நாத்தனாரைக் கண்டாரா. என் மகன் கண்டவன்.

அவர் போனபிறகு மகன், "அது நீ இல்லம்மா, கேரக்டர்" என்றான்.

"என் சாம்பல் டப்பாவை வச்சிருக்காளே உன் கேரக்டர்."

"சும்னே இரும்மா." கோபத்தில் அவனுக்குக் கன்னடம் வந்துவிடும். "இந்த ஒரு சீனை எடுத்தா படமே இல்லை. எட்டு வருஷமா எழுதறேன்."

"அதனாலதான் ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினியா?"

அவன் தாள்களை அடுக்கிக் கட்டினான். இரண்டு நாள் நான் சமைத்தேன், அவன் சாப்பிட்டான், பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். "பென்சிலை எடுத்துக்கிட்டு உட்காரு. அந்த சீன் இருக்கணும்னா இருக்கட்டும். அவ வேற பொம்பளை. அவகிட்ட இருக்கிற என் பொருளை எல்லாம் எடு."

"என்ன பொருள்?"

"மூணு இருமல். அதை முதல்ல எடு."

"அது நல்லா இருக்கும்மா."

"நல்லாத்தான் இருக்கும். என்னோடது."

அடித்தான். சாம்பல் டப்பாவைச் சொன்னேன், அடித்தான். சோற்று டப்பாவைச் சொன்னேன். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் நான் காத்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எதற்கு, அந்த இரண்டு தாளை எடுத்துவிடுகிறேன் என்று சொல்வான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் கூப்பிட்டதே. கடைசியாக முதுகோடு முதுகு சாய்ந்து தூங்கினதைச் சொன்னேன். பென்சில் நின்றது. அவன் பச்சை ஒட்டிய தாளை ஒருமுறை பார்த்தான், முதுகு எழுதிய தாளை ஒருமுறை பார்த்தான். காய்கறிக் கடையில் இரண்டில் எதை வைப்பது எதை எடுப்பது என்று பார்க்கிற மாதிரிதான் பார்த்தான்.

பிறகு முதுகை அடித்தான்.

நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. மகன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர் குரல். "இப்பதான் சார் கதை ஓடுது. அந்த இருமல், டப்பா, தூங்கறது எல்லாம் போனதும் பறக்குது. அம்மாதான் எடுக்கச் சொன்னாங்களா? அவங்களுக்கு சீன் தெரியுது சார். தேங்க்ஸ் சொல்லுங்க."

"தேங்க்ஸ் சொன்னாரும்மா" என்றான் மகன், என்னைப் பார்க்காமல்.

"கேட்டுச்சு."

படம் எடுக்கிறார்களா இல்லையா என்று நான் கேட்பதில்லை. அடித்ததை எல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மூன்று இருமலும் இருக்கிறது, டப்பா இருக்கிறது, முதுகு இருக்கிறது. தமிழ் எழுத்தில் இருக்கிறது, அவனுக்குப் படிக்க வராது. என்றைக்காவது வேண்டுமென்று தோன்றினால் யாரையாவது வாசிக்கச் சொல்லித்தான் அவன் கேட்க வேண்டும். வாசிக்கிறவர் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டட்டும்.